காசிநாதனுக்கு வராத நெஞ்சுவலி

செந்துறையிலிருந்து அரியலூர் போகிற பஸ்ஸில் உண்ணாமலை ஏறினால், எங்கே போகணும் என்று கண்டக்டர் கேட்கமாட்டார். "யாருக்கு என்னம்மா?" என்றுதான் கேட்பார். அவர்மேல் தப்பே இல்லை. ஐம்பது வயதைத் தாண்டிய அந்த அம்மாள் காரணம் இல்லாமல் பஸ் ஏறியதே கிடையாது. ஜெயங்கொண்டம் போனால் நாத்தனார் ஜானகி வீட்டுக் காதுகுத்து. பெரம்பலூர் போனால் மகள் அம்பிகாவின் பிரசவம். திருச்சியைப் பார்த்திருக்கிறாள், அதாவது மாமியாருக்கு இடுப்பு உடைந்தபோது திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியைப் பார்த்திருக்கிறாள். தஞ்சாவூரில் ஒரு சாவு. கோயிலுக்குப் போனாலும் ஏதாவது வேண்டுதல் இருக்கவேண்டும். சும்மா போய்ச் சாமியைப் பார்த்துவிட்டு வருகிற வழக்கம் அவர்கள் ஊரில் இல்லை.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. கடலைப் பார்க்கணும். பார்ப்பது என்றால் கரையில் நின்று எட்டிப் பார்ப்பதில்லை, புருசனோடு சேர்ந்து தண்ணீரில் கால் வைத்து நிற்கணும், நின்றுகொண்டு ஒரு வேலையும் செய்யாமல் இருக்கணும். ஒவ்வொரு வருசமும் புயல் வந்தால் டி.வி.க்காரன் குடையைப் பிடித்துக்கொண்டு அலைக்கு முன்னால் நின்று கத்துவான். இங்கே இவள் முந்திரிக்காட்டில் மரம் சாய்ந்து கிடக்கும். "மரம் சாயறது நமக்கு, கடல் மட்டும் அவனுக்கா?" என்று டி.வி.யைப் பார்த்துத் திட்டுவாள்.

புருசன் காசிநாதனிடம் சொல்லிப் பயனில்லை. மனுசன் தங்கம்தான், ஆனால் ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்தே பாதி ஆயுசைக் கழித்தவர். காட்டில் வேலையே இல்லாத நாளிலும் தோளில் மண்வெட்டி இல்லாமல் டீக்கடைக்குப் போகமாட்டார். சும்மா டீ குடிக்க வந்திருக்கிறான் என்று எவனாவது நினைத்துவிட்டால்? டீயைக் குடித்துவிட்டு, அதே மண்வெட்டியோடு நேராக வீட்டுக்கு வந்து படுத்துவிடுவார். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். தெரியும் என்பது அவருக்கு மட்டும் தெரியாது.

முந்திரி சீசன் முடிந்து, மக்காச்சோளம் விதைக்க மழையைப் பார்த்துக்கொண்டிருந்த நாளில் அம்பிகா போன் செய்தாள். மாப்பிள்ளை போனிலேயே ரயில் டிக்கெட்டும் எழும்பூரில் ஒரு லாட்ஜும் போட்டுவிட்டாராம்.

"நீயும் அப்பாவும் மெட்ராச சுத்திப் பாத்துட்டு வாங்கம்மா. கல்யாணம் ஆனதுலேருந்து ரெண்டு பேரும் சேந்து எங்கதான் போயிருக்கீங்க?"

உண்ணாமலை யோசித்துப் பார்த்தாள். ரேஷன் கடைக்குக் கைரேகை வைக்கச் சேர்ந்து போயிருக்கிறார்கள்.

போவதில் சிக்கல் ஒன்றும் இல்லை. சொல்லிவிட்டுப் போவதில்தான் இருந்தது. வீட்டில் கறவை மாடு. பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணத்திடம்தான் விட்டுப் போகணும். சாவுக்குப் போகிறோம், மாட்டைப் பார்த்துக்கொள் என்றால் யாரும் பார்த்துக்கொள்வார்கள். ஊர் சுற்றப் போகிறோம், நீ சாணி அள்ளு என்று எந்த வாயால் சொல்வது? பேத்தி எடுத்த வயதில் ஜோடியாகச் சுற்றுலாவா என்று சிரிக்கமாட்டார்களா? அதனால் மூட்டுவலிக்குக் காட்டப் போவதாகச் சொல்லலாம் என்று இருவரும் பேசி முடிவு செய்தார்கள். ஆனால் பஞ்சவர்ணம் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, "எங்க மாமா கெளம்புறீங்க, துணியெல்லாம் காயுது?" என்று கேட்டதும் காசிநாதனின் கை தானாக மேலே ஏறி நெஞ்சில் உட்கார்ந்தது.

"நெஞ்சு லேசா ஒரு மாதிரியா இருக்கும்மா. மெட்ராஸ்ல பெரிய ஆஸ்பத்திரியில காட்டிட்டு வரலாம்னு."

உள்ளே வந்ததும் உண்ணாமலை பிடித்துக்கொண்டாள். "மூட்டுன்னுதான பேசுனோம்? நெஞ்சுக்கு எப்பப் போனீங்க?"

"மூட்டுன்னா அரியலூரே போதும்னுருவாங்கடி. மெட்ராஸ் வரைக்கும் போறதுக்குத் தக்கன நோவு வேணாமா?"

அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் காலையில் பஞ்சவர்ணமும் அவள் புருசன் சாமிக்கண்ணுவும் பையைக்கூடக் காசிநாதன் கையில் கொடுக்கவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் வழக்கம்போல "யாருக்கு என்னம்மா?" என்றார். உண்ணாமலை தலையைக் குனிந்துகொண்டு புருசனைக் காட்டினாள். கண்டக்டர் ஜன்னலோர ஆளை எழுப்பிவிட்டு அவருக்கு இடம் கொடுத்தார். அரியலூர் ஸ்டேஷன் வரைக்கும் காசிநாதன் சாய்ந்தே வந்தார்.

சென்னையில் முதல் நாள் இருவருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விடிவதற்குள் எழுந்த உண்ணாமலை, பால் கறக்க மாடு இல்லாமல் தவித்துப்போய் லாட்ஜ் வராந்தாவைக் கூட்டிவிட்டாள். காசிநாதனுக்குத் தோள் வெறுமையாக இருந்தது. குடையைத் தூக்கித் தோளில் சாத்திக்கொண்டார். மெட்ரோ ரயிலில் போனார்கள். வண்டலூர் போய் வெள்ளைப் புலியைப் பார்த்தார்கள். காசிநாதன் அங்கே நின்றிருந்த காவலாளியிடம், "இத எதுக்குங்க வளக்குறாங்க?" என்று விசாரித்தார்.

"சும்மா பாக்கத்தான்."

"பாக்குறதுக்கு மட்டுமா?"

"ஆமாங்க."

காசிநாதன் வெகுநேரம் அந்தப் புலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது பட்டப்பகலில் எல்லோர் முன்னாலும் மல்லாந்து படுத்திருந்தது. வெளியே வந்தவர் யாரும் சொல்லாமலே ஒரு தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் வாங்கிப் போட்டுக்கொண்டார். உண்ணாமலைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கல்யாணத்தன்று வந்த வெட்கம் அன்றைக்கு மறுபடியும் வந்தது.

கடலை மூன்றாம் நாளுக்கு வைத்திருந்தார்கள். எடுத்த எடுப்பிலேயே அதைப் பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் சப்பென்று ஆகிவிடும் என்பது காசிநாதனின் கணக்கு. மெரினா மணலில் இறங்கியதும் உண்ணாமலை செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். நடக்க நடக்க மணல் போய்க்கொண்டே இருந்தது. சத்தம் முதலில் கேட்டது, அப்புறம் தெரிந்தது. அம்மாடியோவ், எவ்வளவு தண்ணி! இன்னும் பத்து எட்டு வைத்தால் கால் நனைந்துவிடும். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். காசிநாதன் சோளம் சுடுகிற வண்டிக்குப் பக்கத்தில் நின்று ஒரு கதிரை உரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க! வாங்கங்க, ஒண்ணா எறங்குவோம்!"

"இரு புள்ள, இது எந்தூருச் சோளம்னு கேட்டுக்கிட்டிருக்கேன்."

மனுசன் கடற்கரைக்கு வந்தும் மக்காச்சோளத்தை விடவில்லை. தனியாக இறங்க அவளுக்கு மனசில்லை. அவள் அங்கேயே காத்துக்கொண்டு நின்றபோதுதான் போன் அடித்தது. அம்பிகா.

"அம்மா, கெட்டுது காரியம்! ஊர்லேருந்து வேன் புடிச்சுக்கிட்டு எல்லாரும் அப்பாவப் பாக்க வராங்க. விழுப்புரத்தத் தாண்டிட்டாங்களாம்."

"எதுக்குடி?"

"நேத்து பஞ்சவர்ணம் சித்தி போன் பண்ணி அப்பா எப்படி இருக்காருன்னு கேட்டுச்சு. நான் செட்டிகுளத்து வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தேன். கண்ணு எரிஞ்சு மூக்க உறிஞ்சினேன். அது நான் அழுவுறேன்னு நெனச்சிருச்சும்மா. மகளே அழுவுதுன்னா கடைசிக் கட்டம்தான்னு ஊரு பூரா பேச்சு. செந்துறை பஸ் ஸ்டாண்டுல ஒரு அடைப்புன்னாங்களாம். அரியலூருல மூணு அடைப்பு ஆயிருச்சு."

உண்ணாமலை கடலைப் பார்த்தாள். ஒரு அலை அவளுக்கு ஒரு முழம் முன்னால் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போனது. பாவி மக்கா, இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்து வரக்கூடாதா! செருப்பை மாட்டிக்கொண்டு, தொப்பியும் கண்ணாடியுமாக நின்ற புருசனை ஆட்டோவில் தள்ளி ஏற்றினாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்குள் போய்ப் படுக்கை கேட்டால் நோய் என்ன என்று கேட்பார்களே. அதனால் வெளியே, நோயாளிகளின் சொந்தபந்தங்கள் பாயும் தூக்குவாளியுமாகக் கிடக்கும் வேப்பமரத்தடிக்குப் போனார்கள். மெடிக்கல் கடையில் வாங்கிய பஞ்சையும் பிளாஸ்திரியையும் அவர் கையில் ஒட்டினாள். பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒரு அம்மாள், "எந்த வார்டும்மா?" என்று கேட்டாள்.

"எங்களுக்கு வார்டு இல்லங்க. ஊர்லேருந்து சொந்தக்காரங்க வராங்க."

அந்த அம்மாள் தொப்பியைப் பார்த்தாள், கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தாள், பிளாஸ்திரியைப் பார்த்தாள். எழுந்து தன் பாயை விரித்துக் கொடுத்தாள். "இந்த எக்ஸ்ரேயையும் வச்சுக்க. எங்க வூட்டுக்காரரோட பழைய முட்டி, இனிமே வேணாம். கையில ஒரு கவரு இல்லாட்டி சனம் நம்பாது" என்றாள். எந்தக் குலதெய்வம் அனுப்பிய மகராசியோ.

அம்பிகா போனில் வழி சொல்ல, வேன் வந்து நின்றது. கதவைத் திறந்ததும் ஒப்பாரி முதலில் இறங்கியது, பின்னாலேயே ஜானகி இறங்கினாள். "எங்கண்ணே!" என்று அவள் விழுந்த வேகத்தில் காசிநாதனுக்கு நிஜமாகவே நெஞ்சு வலித்தது. மாட்டை எதிர்வீட்டில் ஒப்படைத்துவிட்டு வந்த பஞ்சவர்ணம், சாமிக்கண்ணு, டீக்கடைக்காரர், பங்காளிகள் என்று ஒரு படையே பாயைச் சுற்றி நின்றது. உள்ளே படுக்கை காலியில்லை, மருந்து கொடுத்து வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள் என்று உண்ணாமலை சொல்லிவைத்தாள். ஹார்லிக்ஸ் பாட்டில்களும் ஆரஞ்சும் ரொட்டியும் தலைமாட்டில் குவிந்தன. சாமிக்கண்ணு எக்ஸ்ரேயை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தான். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அவன் முட்டிச் சில்லைத் தொட்டுக் காட்டினான்.

"இதான் அடைப்பு. எம்மாம் பெருசு பாருங்க."

"அடப்பாவமே," என்றார் டீக்கடைக்காரர். "இத வச்சுக்கிட்டா மனுசன் தெனமும் மண்வெட்டியத் தூக்கிட்டுக் காட்டுக்குப் போனாரு?"

காசிநாதன் கண்ணை மூடிக்கொண்டார். உள்ளுக்குள் அவருக்கு அது சந்தோசமாகக்கூட இருந்திருக்கலாம்.

"கவலப்படாத அண்ணி," என்று ஜானகி மூக்கைத் துடைத்தாள். "செட்டிகுளத்து முருகனுக்கு வேண்டிக்கிட்டேன். அண்ணன் பொழச்சு வந்து மொட்ட போட்டு மல ஏறும்."

துக்கம் விசாரித்து முடித்தால் எல்லோருக்கும் பசிக்கும். அது எங்கேயும் உள்ளதுதான். தலைமாட்டில் இருந்த ரொட்டியைத் தின்றார்கள். ஆரஞ்சை உரித்தார்கள். அப்புறம் வேன்காரன் மணியைப் பார்த்துக்கொண்டு, வந்தது வந்தோம், பீச்சு இங்கதான் பக்கம் என்றான். ஒரு நிமிசம் யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

"சாமி கும்புடுற மாதிரி ஒரு எட்டு பாத்துட்டு ஓடியாந்துடுறோம்க்கா," என்று பஞ்சவர்ணம் புடவையை உதறிக்கொண்டு எழுந்தாள். "நீ மாமாவப் பாத்துக்க."

உண்ணாமலை பாயின் ஓரத்தில் உட்கார்ந்து அந்த வேன் போவதைப் பார்த்தாள். அவள் கடலுக்கு அவளை விட்டுவிட்டு ஊரே போகிறது. அப்படியே காசிநாதனை எழுப்பி உட்காரவைத்து, இந்த ஆளுக்கு ஒரு மண்ணும் இல்லை என்று கத்தலாமா என்றுகூட நினைத்தாள். காசிநாதன் ஒரு கண்ணைத் திறந்து, "கோவமா புள்ள?" என்றார்.

"பேசாதீங்க. ஒங்களுக்கு மூணு அடைப்பு."

அவர்கள் திரும்பி வந்தபோது எல்லோருடைய துணியும் முழங்கால் வரை நனைந்திருந்தது. பஞ்சவர்ணத்தின் முகமே மாறிப்போயிருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவள் கொண்டை அவிழ்ந்து கிடந்தது, அவள் அதைக் கட்டவும் இல்லை.

"அக்கா, கலங்கர வெளக்கத்துக்கு நேரா, பலூன் சுடுற கடை இருக்குல்ல, அங்கதான் எறங்குனோம். நிக்கிறப்ப காலுக்கு அடியில மண்ண அப்படியே உருவுதுக்கா! எனக்குச் சிரிப்பாணி பொத்துக்கிச்சு. இந்தா, ஒனக்குச் சுண்டல்."

சுண்டல் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு உண்ணாமலை அழுதாள். சத்தம் போட்டு அழுதாள். "அழுவாத அண்ணி, அண்ணனுக்கு ஒண்ணும் ஆவாது," என்று ஜானகி கட்டிக்கொண்டாள். ஜானகியின் புடவையில் உப்புவாடை அடித்தது. உண்ணாமலைக்கு இன்னும் அழுகை வந்தது.

பஸ்ஸில் உடம்பு குலுங்கும், எங்களோடே வந்துவிடுங்கள் என்று எல்லோரும் ஒரே பிடியாக நின்றார்கள். வேனின் பின்சீட்டில் காசிநாதனைப் படுக்கவைத்து ஊருக்குக் கொண்டுவந்தார்கள். எழுந்து ஜன்னல் வழியாகப் பார்க்கக்கூட விடவில்லை.

அன்றிலிருந்து காசிநாதன் நோயாளி. டீக்கடையில் அவருக்குச் சர்க்கரை கிடையாது. விசேச வீட்டில் அவர் இலைக்கு ஊறுகாய் வராது. ஊர்ச்சனம் முறை வைத்து அவருக்கு உப்பைக் குறைத்தது. மண்வெட்டியைத் தொட்டால் யாராவது ஓடிவந்து பிடுங்கிக்கொள்வார்கள். மழை வந்ததும் அவருடைய மக்காச்சோளத்தைப் பங்காளிகளே விதைத்துவிட்டுப் போனார்கள். முதல் வாரம் அவருக்குத் திண்டாட்டமாக இருந்தது. பிறகு ஒருநாள் வெறுந்தோளோடு டீக்கடைக்குப் போய், பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்து, மத்தியானம்வரை எழுந்திருக்கவே இல்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்த நடை வண்டலூர்ப் புலியின் நடை.

ஜானகியின் வேண்டுதல் ஒன்று பாக்கி நின்றது. நெஞ்சு அடைத்தவர் மலை ஏறக்கூடாது, வேண்டிக்கொண்டபிறகு ஏறாமல் இருக்கவும் கூடாது. ஊர் கூடிப் பேசி, மொட்டை போட்ட காசிநாதனை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துச் செட்டிகுளத்து மலையில் தூக்கிக்கொண்டு ஏறியது. பாதிப் படியில் சாமிக்கண்ணுவுக்கு மூச்சு வாங்கியது. காசிநாதன் நாற்காலியிலிருந்து இறங்கி, சாமிக்கண்ணுவை அதில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். நோயாளிக்கு எவ்வளவு தைரியம் என்று எல்லோரும் மெச்சினார்கள்.

உண்ணாமலைக்கு மட்டும் எதிலும் மனசு ஒட்டவில்லை. வேலிப்பக்கம் வந்தாலே பஞ்சவர்ணம் கடலைப் பற்றித்தான் பேசினாள். பலூன் கடை, கலங்கரை விளக்கம், காலடி மண். கேட்டுக் கேட்டு உண்ணாமலைக்கு அந்த இடம் மனப்பாடம் ஆகிவிட்டது. பொங்கல் போய், சோளம் அறுத்து முடித்த மறுநாள் அவள் புருசனுக்கு எதிரில் வந்து நின்றாள்.

"கெளம்புங்க. செக்கப்புக்குப் போவணும்."

காசிநாதன் போய் எக்ஸ்ரே கவரைத் தேடி எடுத்தார்.

இந்தத் தடவை மாட்டைப் பார்த்துக்கொள்ளப் பஞ்சவர்ணம் ஊரில் இல்லை. சாமிக்கண்ணுவுக்குக் கண்ணில் பூ விழுந்துவிட்டது, ஆப்ரேசனுக்கு மதுரை போகிறோம் என்று முந்தாநாள்தான் கிளம்பியிருந்தார்கள். ஜெயங்கொண்டத்திலிருந்து ஜானகி வந்து இரண்டு வீட்டு மாட்டையும் ஏற்றுக்கொண்டாள். கண்டக்டர் தானாகவே ஜன்னலோரத்தைக் காலி செய்தார்.

சென்னையில் இறங்கியதும் வேறு எங்கேயும் போகவில்லை. நேராகக் கலங்கரை விளக்கம், பலூன் கடை. சோளவண்டி வந்தது. காசிநாதன் தலையைத் திருப்பினார். உண்ணாமலை அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். நாலு பேர் பார்க்க, பட்டப்பகலில், கையைப் பிடித்துக்கொண்டு. தண்ணீர் காலில் ஏறியது. அடியில் மண்ணை உருவியது. ஐயோ, பஞ்சவர்ணம் சொன்னது பாதிகூட இல்லை! காசிநாதன் எக்ஸ்ரே கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "நல்லாருக்கு புள்ள," என்றார். அப்புறம் இரண்டு பேரும் ஒன்றும் செய்யாமல் நின்றார்கள்.

நின்றுகொண்டிருக்கும்போது பக்கத்தில் ஒரு பெண் "யம்மாடி!" என்று அலறிச் சிரித்தாள். தெரிந்த சிரிப்பாக இருக்கிறதே என்று உண்ணாமலை திரும்பினாள். கொண்டை அவிழ்ந்து, முழுக்க நனைந்து, பஞ்சவர்ணம். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கறுப்புக் கண்ணாடியில் சாமிக்கண்ணு.

ஒரு அலை வந்து எல்லோரையும் நனைத்துவிட்டுப் போனது.

"கண்ணு எப்படிப்பா இருக்கு?" என்றார் காசிநாதன்.

"நல்லாத் தெரியுதுண்ணே. ஒங்களுக்கு நெஞ்சு?"

"பரவால்லப்பா. தண்ணியில நிக்கச் சொல்லியிருக்காங்க."

பஞ்சவர்ணம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். உண்ணாமலைக்கு அவள்மேல் இத்தனை மாதமாக இருந்த எரிச்சல் எங்கே போனது என்றே தெரியவில்லை. பஞ்சவர்ணத்தின் கையையும் பிடித்துக்கொண்டாள்.

அப்போது போன் அடித்தது. ஜானகி. போன தடவையும் இப்படித்தான் அடித்தது. உண்ணாமலை ஒரு அடிகூடக் கரைப்பக்கம் நகராமல் நின்ற இடத்திலேயே எடுத்தாள்.

"அண்ணி, டாக்டரு என்னா சொன்னாரு? அண்ணன் எப்படி இருக்கு?"

"உள்ளதான்டி இருக்காரு. பாத்துக்கிட்டு இருக்காங்க."

"அது என்னா அண்ணி, பின்னால எரையுது?"

உண்ணாமலை புருசனைப் பார்த்தாள். "மிசினும்மா. பெரிய மிசினு."

இரண்டு அலை வந்து போகிற நேரம் ஜானகி அந்த இரைச்சலையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணி," என்றாள் அப்புறம், மெதுவாக. "எனக்கும் எங்க வூட்டுக்காரருக்கும் ரொம்ப நாளா இடுப்பு ஒரு மாதிரியாத்தான் இருக்கு. மெட்ராசுக்குத் தக்கன நோவா அது, இல்ல வேற ஏதாச்சும் சொல்லணுமா?"